தொடாத பிரேக்

அத்தியாயம் 9

"மிதி," என்றார் சர்வேயர்.

குச்சி மிதித்தான்.

"மிதிச்சபடியே பிடி. நான் மூடிட்டேன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே."

"சார், என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு நேரம் ஒரே இடத்துல நிக்க வெச்சதில்ல."

"அவங்களுக்கு உன்னால ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கு. பேசாம மிதி."

ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடிபட்ட வண்டிகள் நிம்மதியாகத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் தகரக் கொட்டகை அது. சர்வேயர் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்திருந்தார். ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் சொல்வதைவிட வண்டிகள் சொல்வதையே நம்பப் பழகிவிட்டவர். அவருடைய உதவியாளனுக்கு முழுப் பட்டப்பெயர் ஒட்டடைக்குச்சி. உயரத்தை வாங்கிக்கொண்டு அகலத்தைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்த உடம்பு. நான்கு தொழில் செய்து நான்கையும் மூடிய பிறகு, மூடுவதற்கு ஒன்றுமில்லாத தொழில் என்று துப்பறிதலுக்கு வந்து சேர்ந்தான்.

அவன் இப்போது மிதித்துக்கொண்டிருந்தது ஒரு செத்தவனின் வண்டியை. சரியாகச் சொன்னால், செத்தவன் கடைசியாக ஓட்டிய, இன்னொருவரின் வண்டியை.

விஷயம் இதுதான். டெய்லர் அக்காவின் தம்பி, மரக்கடை வைத்திருக்கும் அக்கா புருஷனின் பைக்கை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவில் இறங்கினான். இறக்கத்தின் அடியில் ஒரு லாரி நின்றிருந்தது. லாரியின் பின்பலகைக்கு அடியில் சக்கரம் நுழைந்துவிட்டது, ஆள்தான் நுழையவில்லை. முந்தின சாயங்காலம் அதே வண்டியின் பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தவன் தெருமுனை மெக்கானிக். அவனை லாக்கப்பில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா மத்தியானத்துக்குள் வந்து புகார் மனுவில் கையெழுத்துப் போட்டால், அவன் மேல் கொலை வழக்கு.

அக்கா சர்வேயரைத் தேடி வந்தபோது அழவில்லை. "எனக்குப் பேரு வேணும்," என்றாள். "என் தம்பியைக் கொன்னவன் யாருன்னு நீங்க சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்." வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நின்ற அந்தப் பெண் அதைச் சொன்ன விதத்தில், கொலை செய்யாத குச்சியே ஒரு நிமிஷம் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தான்.

"மூடிட்டேன். காலை எடு," என்றார் சர்வேயர். "பின் சக்கரத்துல ஒண்ணுமில்ல. சுத்தமான எண்ணெய்தான் வருது. முன்னாடி போவோம்."

சாதாரண பைக்கில் கைக்கு முன் சக்கரம், காலுக்குப் பின் சக்கரம் என்று பாகப்பிரிவினை தெளிவாக முடிந்திருக்கும். இது காம்பி பிரேக் வண்டி. காலை மிதித்தால் பின் சக்கரத்தோடு முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். அதற்காகக் கால் பிரேக்கிலிருந்து ஓர் எண்ணெய்க் குழாய் வண்டியின் நீளத்துக்கும் ஓடி முன் சக்கரத்துக்கு வருகிறது. ஆகவே காற்றைத் திறந்துவிடும் நிப்பிள் முன் சக்கரத்தில் ஒன்றல்ல, இரண்டு. உள்பக்கம் ஒளிந்திருப்பது கை பிரேக்குக்கு. வெளியே கைக்கு எட்டுவதாக நீட்டிக்கொண்டிருப்பது கால் பிரேக்குக்கு.

சர்வேயர் கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. "கை பிரேக் நல்லா இருக்கு. இப்போ இந்த வெளி நிப்பிள். மிதி."

குச்சி மிதித்தான். நிப்பிளில் மாட்டிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய் வழியே குமிழி குமிழியாக வந்தது. மறுபடி மிதித்தால் மறுபடி வந்தது. சோடாக் கடையே உள்ளே இருந்தது.

"காத்து," என்றார் சர்வேயர். "காலுக்கு ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய். இவ்வளவு காத்து உள்ளே இருந்தா, நீ மிதிக்கறது எந்தச் சக்கரத்தையும் போய்ச் சேராது. காத்தைத்தான் அமுக்கிக்கிட்டு இருப்பே."

"அப்போ மெக்கானிக் சொதப்பிட்டான்."

"இங்கே பாரு."

குச்சி தன் உடம்பை மூன்றாக மடித்து, சர்வேயர் நீட்டிய போனில் இருந்த போட்டோக்களைப் பார்த்தான். பின் சக்கர நிப்பிளிலிருந்து, அது திருகியிருக்கும் காலிப்பர் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. முன்னால் உள் நிப்பிளிலும் அதே கோடு. வெளி நிப்பிளில் கோடு பாதியில் உடைந்து, ஒரு துண்டு கிழக்கேயும் ஒரு துண்டு மேற்கேயும் பார்த்தது.

"இது நீங்க இப்போ திறந்ததால உடையலையா சார்?"

"திறக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். மூணையும் போட்டோ எடுத்துட்டுத்தான் தொட்டேன். காலையில லாக்கப்புல அவன் என்ன சொன்னான்?"

மெக்கானிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது குச்சிக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. 'காத்து எடுத்து முடிச்சதும் என் சம்சாரத்தோட நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போடுவேன் சார். மறுபடி யாராவது திறந்தா கோடு விலகிடும். அவ திட்டுவா, பரவாயில்ல. கால் பிரேக்கு கல்லு மாதிரி இருந்துச்சு சார், வண்டிக்காரரே மிதிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போனாரு.'

"அப்போ அவன் மூடினதுக்கு அப்புறம் வேற யாரோ திறந்திருக்காங்க," என்றான் குச்சி. "எண்ணெய் ஒழுகி, காத்து ஏறியிருக்கு. கொலைதான். ஆனா சார், வண்டி தம்பியோடது இல்ல. புருஷனோடது. அப்போ குறி புருஷனுக்கு."

"சபாஷ்."

"அந்த மரக்கடைக்காரரைப் பிடிக்காதவங்கன்னு தேடினா பாதி ஊர் வரும் சார். நேத்து அரை மணி நேரம்தான் அவர்கூட இருந்தேன். எனக்கே அவர் வண்டியில ஏதாவது கழட்டலாமான்னு இருந்துது."

சர்வேயர் எழுந்து சட்டையைத் தட்டினார். தட்டியதில் அழுக்கு பரவலாகியது. "யாரைக் கொல்லப் பாத்தாங்கங்கறதை அப்புறம் பாப்போம். செத்தவன் எப்படிச் செத்தான்னு இன்னும் தெரியலையே."

"பிரேக் இல்லாமச் செத்தான்."

"ஒரு பிரேக் இல்ல. இன்னொண்ணு கல்லு மாதிரி இருக்கு. வா."

மேட்டுத் தெருவின் உச்சியில் சர்வேயர் குச்சியின் பழைய பைக்கை நிறுத்தச் சொன்னார்.

"உன் கால் பிரேக் செத்துப்போச்சுன்னு வெச்சுக்கோ. மிதிக்காதே. இப்போ கீழே இறங்கு."

"சார், எனக்கு ரெண்டு குழந்தைங்க."

"நல்ல பசங்க. நான் விசாரிச்சுக்கறேன். போ."

குச்சி இறங்கினான். முதலில் மெதுவாகத்தான் போனது வண்டி. பிறகு அவனைக் கேட்காமலே வேகம் எடுத்தது. காற்று காதில் கத்தியது, கீழே இருந்த கடைகள் ஓடி வந்து முகத்தில் மோதப் பார்த்தன. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று அவன் தீவிரமாக ஆலோசித்துக்கொண்டிருந்தபோதே வண்டி நின்றுவிட்டது. வலது கையின் நான்கு விரல்களும் பிரேக் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. அவை எப்போது அங்கே போயின என்று அவனுக்கே தெரியாது.

சர்வேயர் நடந்து வந்து சேர்ந்தார். "என்ன ஆச்சு?"

"கை தானாப் போயிடுச்சு சார். என்னைக் கேக்கவே இல்ல."

"உன் கைக்கே அவ்வளவு புத்தி இருக்குன்னா, எல்லார் கைக்கும் இருக்கும். அவன் கைக்கு ஏன் இல்ல?"

லாரி நின்றிருந்த இடத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் பழம் விற்கும் அம்மாளைக் கேட்டார்கள். போலீஸ் அவளைக் கேட்கவில்லையாம். அந்த மனக்குறையோடு, கேட்டதற்கு மேலேயே சொன்னாள்.

"ரொம்ப மெதுவாத்தான்யா வந்தான் மேலேருந்து. தளும்பத் தளும்பப் பாலை எடுத்துட்டு வர்ற மாதிரி. பாதிக்கு மேலதான் வண்டி பிச்சுக்கிட்டுது. காலால மிதி மிதின்னு மிதிச்சான், அவங்கக்கா தையல் மிஷினை மிதிப்பாளே, அந்த மாதிரி."

"கை எப்படி இருந்துது?"

"ஹேண்டிலைப் பிடிச்சிருந்தான்."

"விரலு? இந்தப் பிடியில ஒரு விரலாவது இருந்துதா?" சர்வேயர் குச்சியின் வண்டியில் காட்டினார்.

அவள் தன் கையை நீட்டி, ஒரு கற்பனை ஹேண்டிலைப் பிடித்து, அந்தக் காலையைத் திரும்பப் பார்த்தாள். "இல்லய்யா. எல்லா விரலும் கைப்பிடியையே சுத்திப் பிடிச்சிருந்துது. இறுக்கமா. அந்தக் கம்பியைத் தொட்டா சுட்டுடுங்கற மாதிரி." அவள் குரல் இறங்கியது. "போன வாரம்தான் எங்கிட்ட ஆரஞ்சு வாங்கினான். அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு."

குச்சி ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கினான். அதற்கு அவசியம் ஒன்றுமில்லை.

"சார், உங்க முகம் சரியில்ல," என்றான் வண்டியைக் கிளப்பியபடி.

"யார்னு தெரிஞ்சுபோச்சு."

"சந்தோஷமான விஷயம்தானே?"

"அந்தம்மாகிட்ட பேரை நீ சொல்றியா?"

டெய்லர் அக்காவின் வீட்டு முன்னறைதான் தையற்கடை. பாதி தைத்த சட்டைகள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றன. வெளியே வராந்தாவில் தம்பியின் சொந்த பைக் நின்றிருந்தது. சர்வேயர் உள்ளே போகுமுன் குனிந்து அதன் முன் சக்கரத்தைப் பார்த்தார். குச்சியும் பார்த்தான். பழைய மாடல். முன் சக்கரத்தில் ஒரே ஒரு நிப்பிள்.

அப்போதுதான் குச்சிக்கும் புரிந்தது. ஜோக் ஏதாவது வருமா என்று தேடிப் பார்த்தான். வரவில்லை.

"பேரு கிடைச்சுதா?" என்றாள் அக்கா. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் பின்னாலிருந்து மரக்கடைக்காரர் வந்தார். வாட்டசாட்டமான ஆள். அவர் எழுதிய மனு தையல் மேஜைமேல் கத்தரிக்கோலின் அடியில் இருந்தது. "இன்னும் என்ன சார் பேரு? அந்த மெக்கானிக் நாய்தான். இடது கையால ஒரு கையெழுத்துப் போடுன்னா, உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு இவ இழுத்தடிக்கறா. அவன் வெளியே வரட்டும், ரெண்டு கையையும் ஒடிச்சுப் போடறேன்."

"உங்களுக்குக் கை ஒடிக்கறது பழக்கமோ?" என்றார் சர்வேயர், நேரம் என்ன என்று கேட்கிற தொனியில்.

அக்காவின் இடது கை மாவுக்கட்டைப் போய்த் தொட்டது. தொட்டதை உணர்ந்ததும் கீழே இறங்கியது.

"மெக்கானிக் செய்யலம்மா," என்றார் சர்வேயர். "அவன் ஒழுங்காத்தான் மூடியிருக்கான். அன்னிக்கு ராத்திரி வாசல்ல வண்டி நின்னப்போ, வேற ஒருத்தர் முன் சக்கரத்து நிப்பிளைத் திறந்து எண்ணெயை ஒழுகவிட்டு மூடியிருக்கார். மறுநாள் வண்டியை எடுக்க வேண்டியது உங்க வீட்டுக்காரர். குறி அவருக்குத்தான்."

மரக்கடைக்காரர் பின்னால் நகர்ந்ததில் தையல் மிஷின் இடித்தது. "எனக்கா? யாரு சார் அது?"

"அம்மா, தம்பிக்குச் சாவியைக் குடுத்தது யாரு?"

"நான்தான்." அக்காவின் குரலில் இன்னும் கோபம்தான் இருந்தது. "கை வலி உசிரு போச்சு. மாத்திரை தீந்துடுச்சு. இவர் தூங்கிட்டு இருந்தார். அவன் வண்டியை யாரோ கேட்டு எடுத்துட்டுப் போயிருந்தாங்க. இவரோட சாவியை எடுத்துக் குடுத்தேன்."

"உடனே வாங்கிக்கிட்டானா?"

"நடந்தே போய்ட்டு வரேன்கான்னான். இவ்வளவு தூரம் நடந்து போய் எப்போடா வருவே, வண்டியில போடான்னு நான்தான் சத்தம் போட்டேன். சாவியைக் கையில வெச்சுப் பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம்..." அவள் நிறுத்தினாள். "இதையெல்லாம் ஏன் கேக்கறீங்க?"

சர்வேயர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். ஆயிரம் கிளெய்ம்களைக் கண்ணிமைக்காமல் நிராகரித்த மனிதர். இப்போது அவர் குரல் தடுக்கியது.

"திறந்தவருக்கு பைக் தெரியும்மா. இந்த பைக்தான் தெரியாது. அவர் வண்டியில முன் சக்கரத்துல இருக்கற ஒரே நிப்பிள் கை பிரேக்கோடது. இதுல ரெண்டு இருக்கு, கைக்கு எட்டினது கால் பிரேக்கோடது. கை பிரேக்கைக் கெடுத்துட்டோம்னு நினைச்சுக்கிட்டுக் கால் பிரேக்கைக் கெடுத்துட்டார். இறங்கினப்போ தம்பியோட கை பிரேக் நல்லாத்தான் இருந்துது. ஒரு தடவை பிடிச்சிருந்தாப் போதும். யாரா இருந்தாலும் கை தானாப் போயிருக்கும். அவன் தொடவே இல்ல. ஏன்னா அது செத்துப்போச்சுன்னு அவன் நம்பினான். காலை நம்பி மெதுவா இறங்கிடலாம்னு கிளம்பினான். கை பிரேக் செத்துப்போச்சுன்னு நம்பறதுக்கு இந்த ஊர்ல ஒரே ஒருத்தருக்குத்தாம்மா காரணம் இருக்க முடியும்."

மாடியில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றார் சர்வேயர். "கை எப்படி ஒடிஞ்சதுன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னீங்க. யார்கிட்டயாவது நிஜத்தைச் சொன்னீங்களா?"

"ஒருத்தன்கிட்ட," என்றாள் அக்கா.

அதற்குமேல் அவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தேடிய பெயர், அவளே இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்து, ஊட்டி, கூப்பிட்டு, திட்டி வளர்த்த பெயர். அவள் வாய் அதைச் சொல்லப் போய், சத்தம் வராமல் மூடிக்கொண்டது. குச்சி ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். நெட்டையாக இருப்பதில் ஒரு தொல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் பேச்சு வந்தது மரக்கடைக்காரருக்குத்தான்.

"என்னைக் கொல்லவா? என் சோத்தைத் தின்னுட்டு? அடப் பாவி." பயம் போன இடத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்தது. "பாத்தீங்களா சார், கடவுள் இருக்கான். எனக்கு வெட்டின குழியில அவனே போய் விழுந்தான். சரியான ஆள்தான் செத்திருக்கான்."

அக்கா தலை நிமிர்ந்தாள்.

அவள் இடது கை மேஜைமேல் போனது. கத்தரிக்கோலை எடுத்தது. தையற்காரர்களின் கத்தரி, நீளமானது, தீட்டித் தீட்டி ஓரம் வெளுத்தது. குச்சி ஓர் அடி முன்னால் வைத்தான். யாரைக் காப்பாற்றுவதற்கு என்று அவனைக் கேட்டிருந்தால் திணறியிருப்பான். சர்வேயர் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

அக்கா கத்தரியை ஓரமாக வைத்துவிட்டு அதன் அடியிலிருந்த மனுவை எடுத்தாள். ஒரு கையால் கிழிக்க முடியவில்லை. பல்லில் கடித்துக் கிழித்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போகணும்," என்றாள் சர்வேயரிடம். "மெக்கானிக்கை விடச் சொல்லணும். அவன் சம்சாரம் நேத்து வந்து என் காலைப் பிடிச்சா. எட்டி உதைக்காத குறையா அனுப்பிட்டேன்."

"சொல்லிடலாம்மா."

"அப்புறம் ஒரு பேரு குடுக்கணும். என் தம்பிக்கு அவ்வளவு ஆத்திரம் எதனால வந்துதுன்னு சொல்லணும். கையைக் கதவுல வெச்சு எப்படி அமுக்கினார்னு சொல்லணும். இதுக்கு முன்னாடி விலா எலும்பு. அதுக்கு முன்னாடி நடந்தது. ஒண்ணு விடாமச் சொல்லணும். அவன் ராத்திரியில திருட்டுத்தனமா செய்யப் பாத்ததை நான் பகல்ல செய்யறேன்."

"ஏய்," என்றார் மரக்கடைக்காரர். "என்ன பேசறே நீ? உள்ளே போ."

"போறேன். ஆனா உள்ளே இல்ல."

அவர் குறுக்கே வந்தார். வருவதற்குள், சர்வேயர் தன் ஸ்டூலோடு நகர்ந்து வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து நிதானமாகத் துடைத்து மாட்டினார். "நீங்க போக வேண்டாம் சார். உங்க உயிருக்கே ஆபத்து வந்திருக்கு. வண்டி எந்த வருஷம் வாங்கினது, யார் யார் ஓட்டுவாங்க, சாவி எங்கே தொங்கும், எல்லாம் நான் கேட்டு எழுதிக்கணும். முதல்ல உங்க அப்பா பேர்லேருந்து ஆரம்பிப்போம்."

கிளெய்ம் கேட்டு வந்தவர்கள் இந்தக் குரலைக் கேட்டுத்தான் பணமே வேண்டாமென்று எழுந்து ஓடியிருக்கிறார்கள். மரக்கடைக்காரருக்கு ஓடவும் வழி இல்லை.

குச்சி பைக்கைக் கிளப்பினான். அக்கா பின்னால் ஏறி, இடது கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாவுக்கட்டு அவன் முதுகில் கல் மாதிரி இடித்தது. உள்ளேயிருந்து மரக்கடைக்காரர் கத்துவதும், நடுநடுவே சர்வேயர், "எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க," என்பதும் கேட்டது.

மேட்டுத் தெருவின் உச்சி வந்ததும் குச்சி வண்டியை நிறுத்தினான். "அக்கா, இந்த வழி வேண்டாம்னா சுத்திப் போயிடலாம். கொஞ்ச நேரம்தான் கூட ஆகும். அதுக்குள்ள அவர் வந்துடுவாரோன்னுதான் பாக்கறேன்."

அவள் இறக்கத்தையே பார்த்தாள். அவன் தோளில் அவள் விரல்கள் இறுகின. முதல் தடவையாக அவள் மூச்சு அழுகையாக உடைந்து, அவன் சட்டையின் பின்புறம் நனைந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

"இதே வழியில போங்க," என்றாள். "மெதுவாவே போங்க. அவர் வண்டி ஸ்டேஷன்ல கிடக்கு. தம்பி வண்டிச் சாவி எங்கிட்ட இருக்கு. நடந்துதான் வரணும். வந்து சேரும்போது நான் சொல்லி முடிச்சிருக்கணும், அவ்வளவுதான்."